கெடு நாளும் அனுப்பிய நேரமும்

மார்ச் 3, திங்கள்

இன்று இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு அசைன்மென்ட் கொடுத்தேன். 42 பேர், 14 நாள். 16-ஆம் தேதி ஞாயிறு இரவு 11:59 வரை கெடு. வகுப்பு முடியும் முன், எந்த நாளில் முடிப்பீர்கள் என்று ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலும் 11, 12 என்றே வந்திருக்கிறது. மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். உளவியலாளர்கள் ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் இதையேதான் கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தடங்கலாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று தனியாகக் கேட்டபோது சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது.

மார்ச் 8, சனி

இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று அருமை. மற்றொன்றில் கேள்வியின் பின்பாதிக்குப் பதிலே இல்லை. 2014-இல் ரோசன்பாம் குழு செய்த வாளிச் சோதனை ஞாபகம் வந்தது. பாதையில் வெவ்வேறு தூரத்தில் வைத்த இரண்டு வாளிகளில் ஒன்றை முடிவுக் கோடு வரை தூக்கிப் போகச் சொன்னால், பலர் தங்களுக்குப் பக்கத்தில் இருந்ததையே எடுத்தார்கள். அதைத்தான் அதிக தூரம் சுமக்க வேண்டியிருந்தது. வேலையைச் சீக்கிரம் தொட்டுவிட்டால் மனசு லேசாகிறது, அவ்வளவுதான். முதலில் அனுப்பியவர் என்பதற்காக ஒரு மதிப்பெண்ணும் அதிகமாகப் போடக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

ஐந்து.

மார்ச் 16, ஞாயிறு, நள்ளிரவு தாண்டி

உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலை ஆறு மணி வரை 12. பத்து மணிக்கு 19. அப்புறம் மழை மாதிரி. 11:59-க்கு 35. அடுத்த இருபது நிமிடத்தில் இன்னும் மூன்று. நான்கு பேர் அனுப்பவே இல்லை.

கடைசி இரண்டு மணி நேரத்தில் 16 பேர். இந்த 16 பேரையும் ஒரே கூடையில் போட்டு ‘கடைசி நேரக்காரர்கள்’ என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

திறந்து படித்தேன். இரண்டு பேர் தவறுதலாகப் பழைய வரைவை ஏற்றியிருக்கிறார்கள். ஒருவருடைய கோப்பு திறக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரிடம் போய் கேட்பார்கள்? ஞாயிறு நள்ளிரவு என்று கெடு வைத்தது என் தவறு. அசைன்மென்டை வாங்கும் மூடில் (Moodle) இணையதளத்தில் கெடு நேரம் ஒன்று, அதற்குப் பிறகு வாசலை மூடும் நேரம் ஒன்று என்று தனித்தனியாகவே குறிக்கலாம். நல்லவேளை, இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரம் விட்டிருந்தேன். அதனால்தான் அந்த மூன்று பேராலும் அனுப்ப முடிந்தது. இருபது நிமிடத்துக்கு மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

மார்ச் 19, புதன்

12:14-க்கு அனுப்பிய பெண்ணை அழைத்துப் பேசினேன். “எப்போம்மா எழுத ஆரம்பிச்சே?” என்றேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்: “நாலாம் தேதியே மேடம். பதினோராம் தேதி முடிச்சுட்டேன். முன்னுரை மட்டும் சரியா வரலைன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு.” கோப்பைக் காட்டினாள். முன்னுரை மட்டும் ஆறு விதமாக இருந்தது. இரண்டாவதே போதுமானது, நன்றாகவே இருந்தது. நான் பார்த்தால் என்ன நினைப்பேனோ என்ற பயம் அவளை ஐந்து நாள் பிடித்து வைத்திருக்கிறது. துண்டுத் தாளில் அவள் எழுதியது 11. சொன்னபடியே முடித்திருக்கிறாள், அனுப்பத்தான் முடியவில்லை.

தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் மட்டும் வருவதில்லை, அந்த நேரத்துக் கலக்கத்திலிருந்து தப்பிக்கும் வழியும்கூட என்று சிரோவாவும் பிச்சிலும் 2013-இல் எழுதியதைப் படித்திருக்கிறேன். இன்று அது எதிரில் உட்கார்ந்திருந்தது. திரையில் தெரியும் நேரம் அனுப்பிய நேரம் மட்டும்தான். எழுதிய நாட்கள் அதில் இல்லை.

மார்ச் 20, வியாழன்

அனுப்பாத நால்வருக்கும் எழுதினேன், கண்டிக்காமல். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று 2010-இல் வோல், பிச்சில், பென்னட் கண்டார்கள். மூவர் பதில் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 22, சனி

அடுத்த அசைன்மென்டைப் பிரித்துவிட்டேன்: முதலில் தலைப்பும் ஐந்து வரியும், அப்புறம் பாதி வரைவு, கடைசியில் முழுசு. ஏரியலியும் வெர்ட்டன்ப்ரோக்கும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கட்டுரைகளுக்குச் சம இடைவெளியில் கெடு வைக்கப்பட்ட வகுப்பு, கெடுவைத் தாங்களே வைத்துக்கொண்ட வகுப்பைவிட நல்ல மதிப்பெண் வாங்கியது. அது ஒரு வகுப்பின் கதை, என் வகுப்பில் வேறு மாதிரி ஆகலாம். ஆனால் பாதியில் அனுப்பினால் பாதியிலேயே நான் படிப்பேன். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அதுதான். கெடு இனி வேலை நாளில், மாலை 5 மணி.

ஏப்ரல் 4, வெள்ளி

பாதி வரைவுக்கு இன்று கெடு. மூன்று மணிக்கே அவளுடையது வந்துவிட்டது. மேலே ஒரு வரி: “முன்னுரை இன்னும் எழுதலை மேடம், அப்படியே அனுப்புறேன்.” ஐந்து மணிக்கு முன்பே படித்துப் பதில் போட்டேன்.