மனநலக் கிளினிக்: முதல் நாளும் இரண்டாம் நாளும்

ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகளோடு கிளினிக் வாங்கில் காத்திருந்து பழகிய நாங்கள் இதை எழுதுகிறோம். கொழும்பில் உதவி கிடைக்காமல் போகிற பிள்ளைகளை விட, ஒருமுறை போய்விட்டுத் திரும்பப் போகாத பிள்ளைகளே அதிகம் கண்ணில் படுகிறார்கள். முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காலையிலிருந்து காத்திருந்து, கொஞ்ச நேரம் பேசி, மருந்துத் துண்டோடு வெளியே வரும்போது "இதுக்கா வந்தோம்" என்று தோன்றும். இரண்டாம் நாளுக்குப் போக வைப்பதே உண்மையான வேலை. அதற்கான ஆயத்தம் முதல் நாளுக்கு முன்பே தொடங்கவேண்டும்.

நித்திரை குழம்புவது, சாப்பாடு குறைவது, நண்பர்களை ஒதுக்குவது, ரியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறெங்காவது உட்கார்ந்திருப்பது, எதிலும் விருப்பமில்லாமல் இருப்பது: இவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் சோம்பேறித்தனம், போன் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள்: "தம்பி, செத்துப்போனால் நல்லம் எண்டு சில நேரம் நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கனவே இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கும். "ஓம்" என்று பதில் வந்தால் ஏசாமல், புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அன்று பிள்ளையைத் தனியே விடவேண்டாம், மறுநாளுக்கு ஒத்திப்போடவும் வேண்டாம்.

எங்கே போவது? சின்னப் பிள்ளை என்றால் பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. எந்த வயது வரை பார்ப்பார்கள் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். வளர்ந்த பிள்ளை என்றால் தேசிய வைத்தியசாலையின் ஓபிடியில் துண்டு எடுத்து, அங்குள்ள டொக்டரிடம் மனநலக் கிளினிக்குக்கு எழுதித் தரும்படி கேட்கலாம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் பெயரைக் கேட்டதுமே பல பெற்றோர் பின்வாங்குகிறார்கள். அது வேண்டாத பயம். வந்து பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கு நிறையப் பேர். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அந்த நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம். 1333 கட்டணமில்லாத ஆலோசனை இலக்கம். மனக்கஷ்டத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டு அமைப்பான, 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவின் நிலையம் ஹோர்ட்டன் பிளேஸில் உள்ளது. அங்கு மருந்து தரமாட்டார்கள், ஆனால் பொறுமையாகக் கேட்பார்கள். வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்காத பிள்ளைக்கு அதுவே முதல் படியாகலாம்.

போவதற்கு முதல்நாள் இரவு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு நித்திரை வருகிறது, பள்ளிக்கூடம் போகாத நாட்கள், உடலில் வெட்டுக்காயம் ஏதும் உண்டா, சாகும் எண்ணம் உண்டா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததா, இப்போது என்ன மருந்து எடுக்கிறார். பிள்ளையே தன் சொற்களில் எழுதினால் இன்னும் நல்லது. டொக்டருக்கு முன்னால் அழுகை வந்து பேச்சு நின்றாலும் அந்தத் தாள் பேசும்.

மொழிதான் அடுத்த சிக்கல். டொக்டருக்குத் தமிழ் போதாதபோது அம்மாவே மொழிபெயர்க்க நேர்கிறது. பிள்ளை "வீட்டில இருக்கப் பயமா இருக்கு" என்றால், அம்மாவின் வாயில் அது "பரீட்சைப் பயம்" ஆகிவிடும். அம்மாவைக் குறை சொல்லமுடியாது, அவருக்கும் அது தாங்காது. தமிழ் தெரிந்த டொக்டரோ மிஸ்ஸியோ எந்த நாளில் இருப்பார் என்று முன்பே விசாரித்து அந்த நாளில் போங்கள். முடியாவிட்டால் சிங்களம் தெரிந்த, பிள்ளை நம்புகிற, தாய்தகப்பன் அல்லாத ஒருவரைக் கூட்டிப்போங்கள். "பிள்ளையோடு கொஞ்சம் தனியாகப் பேசுங்கோ" என்று நீங்களே டொக்டரிடம் கேட்டுவிட்டு எழுந்து வெளியே வாருங்கள்.

தைரொயிட், இரத்தச்சோகை பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதக்கூடும். அவையும் களைப்பையும் சோர்வையும் தரும் என்பதால்தான். ஃபுளுஒக்செற்றின் போன்ற மனச்சோர்வுக்கான மருந்து தந்தால், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கலாம். வயிற்றுப்பிரட்டல், படபடப்பு, நித்திரைக் குழப்பம் முதல் நாட்களிலேயே வரலாம். தொல்லை முந்தி, சுகம் பிந்தி வருவதால்தான் பலர் பத்தாம் நாளே குளிசையை விட்டுவிடுகிறார்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் சாகும் எண்ணம் கூடவும் கூடும். முதல் கிழமைகளில் கூர்ந்து கவனியுங்கள். அமைதியிழந்து உலாத்தினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் கூட்டிப்போங்கள். சுகம் வந்த பிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், பாட்டியின் பிறஷர் குளிசை உட்பட, பூட்டி வையுங்கள். திறப்பு பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால், தெம்பாகத் தெரிந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணமில்லை. பொலிஸ் வரும் என்று பயந்து மறைத்து, அதனால் நேரத்தை இழக்கவேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல.

கிளினிக்கிலிருந்து வெளியேற முன் மூன்று விஷயம் கையில் இருக்கவேண்டும்: அடுத்த திகதி, டொக்டர் மருந்தும் குறிப்பும் எழுதும் கிளினிக் கொப்பி, பள்ளிக்கூடத்துக்கான கடிதம். கடிதத்தில் நோயின் பெயரை விட்டுவிட முடியுமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த திகதி ரியூஷன் பரீட்சையோடு மோதினால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள், பிறகு பார்ப்போம் என்று விட்டால் அது விட்டதுதான். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போகும்போது மருந்து முடிந்தால், அங்குள்ள ஆஸ்பத்திரியில் அதைக் காட்டித்தான் தொடரவேண்டியிருக்கும்.