காலிக் கூண்டுகளும் நம் ஊர் மைனாவும்

சிட்னியில் மார்ட்டின் பிளேஸுக்குப் பக்கத்தில் ஏஞ்சல் பிளேஸ் என்று ஒரு சந்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு டப்பாவோடு அதற்குள் நுழைந்தேன். இருபுறக் கட்டடங்களுக்கும் இடையே இழுத்துக் கட்டிய கம்பிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைக் கூண்டுகள் தொங்கின. ஒன்றுபோல் ஒன்று இல்லை, எல்லாம் காலி. யாரோ காபிக் கடைக்காரர் செய்த அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். மதியக் கூட்டத்தின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அதே சந்தில் நடந்தபடி அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "என்னடா, தோப்புக்குள்ளேயா நிற்கிறாய்? இத்தனை குருவிச் சத்தம்!" என்றார். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன்.

'மறந்துபோன பாடல்கள்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. மைக்கேல் தாமஸ் ஹில் என்ற கலைஞர் 2009இல் தற்காலிகமாக அமைத்தது. மக்களுக்குப் பிடித்துப்போக, 2011இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஐரோப்பியர் வந்து குடியேறி, காடு நகரமானதில் விரட்டப்பட்ட 50 வகைப் பறவைகளின் குரல்கள் ஒலிபெருக்கி வழியே வருகின்றன. பகலில் பகல் பறவைகள். இருட்டினால் ஆந்தை வகையறா. பெயர்கள் காலடியில், தரையில். குரலுக்கு நிமிரவேண்டும், பெயருக்குக் குனியவேண்டும்.

விப்பேர்ட் என்றொரு பறவை. ஆண் நீளமாக ஒரு சீழ்க்கை இழுத்து, சாட்டையைச் சொடுக்கியதுபோல் முடிக்கும். அடுத்த நொடியே பெண் சின்னக் குரலில் இரண்டு மூன்று முறை பதில் சொல்லும். இரண்டும் ஒரே பறவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பக்கத்திலேயே, பிட் தெருவை ஒட்டி, டேங்க் ஸ்ட்ரீம் என்ற ஓடை இருந்தது. 1788இல் வந்திறங்கியவர்களின் குடிநீர் அதுதான். அசுத்தமாக்கிவிட்டு 1826இல் கைவிட்டார்கள். பிறகு மூடி வடிகாலாக்கினார்கள். இன்றும் தரைக்கடியில் ஓடுகிறது. ஓடை போனால் மரம் போகும், மரம் போனால் குருவிக்கு அங்கே என்ன வேலை?

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தப் பறவைகள் கூண்டில் அடைபட்டு அழியவில்லை. மரங்களை வெட்டித்தான் துரத்தினார்கள். பிறகு கூண்டு எதற்கு? பார்க்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வெறும் கம்பியிலிருந்து குரல் மட்டும் வந்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே உட்கார்ந்திருந்தபோது, மஞ்சள் மூக்கோடு ஒரு மைனா தத்தித் தத்தி வந்தது. பூச்சியைத் தின்னும் என்று நம்பி 1860களில் மெல்போர்னில் கொண்டுவந்து விட்ட இனம். இப்போது மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு உள்ளூர்ப் பறவைகளை விரட்டுகிறது. இங்கே அதற்குப் பெயரே 'இந்தியன் மைனா'. பக்கத்திலிருந்த அலுவலக நண்பர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார்.

நான் சப்பாத்தியில் ஒரு துண்டு கிள்ளி, அவர் பார்க்காதபோது, கீழே போட்டேன்.