குரோம தடவணும், அலுமினியத்த தேய்க்கணும்

மூணு ஞாயித்துக்கிழமையா எனக்கு நகத்துக்குள்ள எல்லாம் கறுப்பு, ஆபீஸ்ல டிபன் பாக்ஸ் தொறக்கவே கூச்சமா இருக்கு. காரணம் அப்பாவோட 86 மாடல் புல்லட். ஏழு வருஷமா வீட்டுப் பின்னாடி ஷெட்ல தார்பாய் போத்தி கெடந்துச்சு. எங்களுக்கு தூத்துக்குடி, ஒரு பக்கம் கடல் இன்னொரு பக்கம் உப்பளம், காத்துலயே உப்பு இருக்குற ஊரு. அதுல தார்பாய் போட்டு இறுக்கி மூடுனா வண்டிய காப்பாத்துறோம்னு நெனைச்சோம், உண்மையில ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே வச்சு வேக வச்சிருக்கோம். தொறந்து பாத்தப்ப சைலன்சர் முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா துரு, இஞ்சின் கவர்ல வெள்ளை வெள்ளையா பூத்துப் போயிருந்துச்சு.

மொத நாளே ஒரு கூத்து பண்ணேன். ஹெட்லைட் ரிங்குல துரு இருக்கேன்னு பாத்திரம் வெளக்குற பச்சை ஸ்க்ரப்பர எடுத்து நாலு இழு இழுத்துட்டேன். துரு போச்சு, வெயில்ல திருப்பிப் பாத்தா வட்டம் வட்டமா கோடு. அந்த பச்சை நார்ல ஒட்டியிருக்குறது அலுமினியம் ஆக்சைடு பொடி, எமரி பேப்பர்ல இருக்குற அதே சாதி சரக்கு. அது எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. அந்த கோடு இனி போகாது, ரிங்கு மாத்துற வரைக்கும் அப்படியேதான்.

எல்லாரும் எந்த பாலிஷ் நல்லதுன்னுதான் கேக்குறாங்க, கையில இருக்குறது என்ன உலோகம்னு யாரும் கேக்குறதில்ல. குரோம்னு நாம சொல்றது இரும்பு மேல நிக்கல், நிக்கல் மேல குரோம். பளபளப்புக்கு பாதி காரணமே அந்த நிக்கல்தான், மேல இருக்குற குரோம் ஒரு மைக்ரான் கூட வராது, அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அதுல போய் நீங்க எத்தனை தடவை அழுத்தி தேய்ப்பீங்க? துரு வர்றதும் குரோம்ல இருந்து இல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா அடியில இருக்குற இரும்புல இருந்து எட்டிப் பாக்குது. அதனால குரோமுக்கு சாப்பாடு கட்டுற அலுமினிய ஃபாயில் போதும். ஒரு துண்டு கிழிச்சு கசக்கி, தண்ணில நனைச்சு, லேசா தடவிக்கிட்டே இருந்தா சாம்பல் கலர்ல ஒரு சேறு மாதிரி வரும், துணிய வச்சு தொடச்சா துரு அதோட வந்துரும். ஃபாயில் குரோம விட மெத்து, அதனால கீறாது. எங்க குரோமே உரிஞ்சு இரும்பு தெரியுதோ அங்க எந்த வித்தையும் செல்லாது, பிளேட்டிங்குக்குத்தான், அதாவது மறுபடி குரோம் பூச்சு போடத்தான் குடுக்கணும். பாத்ரூம் ஆசிட் ஊத்துனா துரு ஓடிரும்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு, துரு மட்டுமா ஓடும், குரோமையே தின்னுட்டுத்தான் ஓடும். சோடா உப்பு வகையறா அலுமினியத்துல பட்டா அதுவும் கறுத்துப் போகும், ஞாபகம் வச்சுக்கோங்க.

இஞ்சின் கவர் எல்லாம் அலுமினியம், அது நேர் எதிர், அதுக்கு கை வலிக்க வலிக்க உழைக்கணும். புல்லட்டுல இடது பக்கம் இருக்குற பெரிய செயின் கேஸ் கவர் நடுவுல ஒரே ஒரு நட்டுலதான் நிக்குது, ஃபுட்ரெஸ்ட்ட கழட்டிட்டு அந்த நட்ட எடுத்தா கையோட வந்துரும், ஆனா கீழ தட்டு வைக்காம கழட்டிராதீங்க, உள்ள இருக்குற ஆயில் மொத்தமும் தரைக்குத்தான். நான் தட்டு வச்சேன், சின்னத் தட்டு.

கவர டீசல் விட்டு டூத் பிரஷ்ஷால கழுவி, சோப்புத் தண்ணி, அப்புறம் வாட்டர் பேப்பர், தண்ணில நனைச்சு தேய்க்கிற உப்புத்தாள். 400ல ஆரம்பிச்சு 600, 1000, 2000, நம்பர் ஏற ஏற பேப்பர் நைஸ். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, 400 மேலயும் கீழயும் தேய்ச்சீங்கன்னா 600 எடுக்கும்போது குறுக்க தேய்க்கணும், அப்பதான் பழைய கோடு முழுசா போச்சான்னு தெரியும், ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் அடுத்த பேப்பருக்குப் போகக்கூடாது. நான் அவசரப்பட்டு 1000க்குத் தாவுனேன், பாலிஷ் போட்டப்புறம் 400 கோடு ரெண்டு கண்ணாடிக்குள்ள இருந்து சிரிச்சுது. திரும்ப முதல்ல இருந்து. உள்பக்கம் ரப்பர் சீல் உக்காருற ஓரத்துல மட்டும் பேப்பர் படக்கூடாது, பட்டா ஆயில் கசியும். ஏற்கனவே புல்லட்டுக்கு கசியறதுக்கு பெருசா காரணம் தேவையில்ல.

அப்புறம் மெட்டல் பாலிஷ். துணி கறுப்பா ஆகுதேன்னு பயப்படாதீங்க, கறுப்பு வந்தாதான் வேலை நடக்குது. கடைசியா எங்கம்மா எட்டிப் பாத்துட்டு, "எய்யா, குத்துவிளக்குக்கு போடுற மாதிரி திருநீறு போட்டு காஞ்ச துணியில தேய்"ன்னாங்க. சும்மா போட்டுப் பாத்தேன், பாலிஷோட எண்ணெய்ப் பிசுக்க எல்லாம் உறிஞ்சிருச்சு, மீசைய பாத்து சரி பண்ணிக்கலாம் அந்த அளவுக்கு வந்துருச்சு. அந்தத் தெம்புல கார்புரேட்டர் ஜெட்ட, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டை உள்ள திருகு, அத புளி போட்டு ஊற வைக்கவான்னு கேட்டாங்க, பித்தளைதான், ஆனா அதுக்கு பெட்ரோல்ல ஊற வச்சு ஊதுனா போதும். ஊசி விட்டு குத்தவும் கூடாது, ஓட்டை பெருசாச்சுன்னா வண்டி பெட்ரோலா குடிக்கும்.

இவ்வளவு பாடுபடாம பஃபிங் கடையில, மெஷின் சக்கரத்துல வச்சு பாலிஷ் போடக் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. வலது பக்க டைமிங் கவர குடுத்தேனே. பளபளன்னுதான் வந்துச்சு, ஆனா சக்கரத்துல வச்சு அழுத்தி அழுத்தி ஸ்க்ரூ குழியோட ஓரம் எல்லாம் சப்பின மிட்டாய் மாதிரி மழுங்கிப் போச்சு. கடைக்காரர கேட்டா "புதுசு மாதிரி இருக்குல்ல சார்"ங்குறாரு. அங்கயே ஒரு பொடியனையும் பாத்தேன், வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போட்டு கியர்ல விட்டு, ஓடுற பின் சக்கரத்துல துணிய புடிச்சுக்கிட்டு தொடைக்கிறான். துணி செயின்ல மாட்டுனா விரல் போயிரும் தம்பின்னு சொல்லிட்டு வந்தேன், கேட்டானா தெரியல.

போல்ட்டு நட்டு எல்லாம் பாலிஷ் போடாதீங்க, அதுல இருக்குறது துத்தநாகப் பூச்சு, தேய்ச்சு எடுத்துட்டா பாக்க வெள்ளி மாதிரி இருக்கும், எங்க ஊர் காத்துக்கு ஒரு வாரம் தாங்காது. நாலு போல்ட்ட அப்படி கெடுத்துட்டுத்தான் சொல்றேன்.

நேத்து சாயங்காலம் கவர் எல்லாம் மாட்டி, லேசா வாக்ஸ் தடவி, வாசல்ல நிறுத்தி வச்சேன். அப்பா சேர்ல இருந்து எந்திரிச்சு வந்து ஒரு சுத்து சுத்துனாரு, வலது கால் குதிகால வச்சு, கியர நேரா நியூட்ரலுக்கு கொண்டு வர்ற அந்த தனி பெடல ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தாரு, டக்குனு சத்தம் கேட்டுச்சு.

"ஏல, மினுக்குனதெல்லாம் சரி. ஸ்டார்ட் ஆகுமா?"

ஆகல. இருபது கிக் அடிச்சேன், பிளக்ல ஸ்பார்க்கே இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்பார்க் வர வைக்கிற பாயின்ட்ட கழட்டணும்.