விற்பனை நாளில் யாருக்கு முதல் பணம்?

ஒரு ஸ்டார்ட்அப் பொதுமக்களிடம் பங்கு விற்று நிதி திரட்டும்போது, பணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ‘இந்த நிறுவனம் வளருமா?’ என்பதைத்தான். நிறுவனம் கைமாறும் நாளில் யாருக்கு முதலில் பணம் போகும் என்பதை அவர்களில் மிகச் சிலரே விசாரிக்கிறார்கள். ‘ஈக்விட்டி க்ரவுட்ஃபண்டிங்’ எனப்படும் இந்த முறை பிரிட்டனில் நடந்துவருவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு, சிறு முதலீட்டாளரின் தலைவிதியை எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இப்படிப் பங்கு விற்க உதவும் இணையத் தளங்களான க்ரவுட்க்யூப் 2011இலும் சீடர்ஸ் 2012இலும் அங்கே செயல்படத் தொடங்கின. மான்சோ வங்கி 2016இல் க்ரவுட்க்யூப் வழியாக 10 லட்சம் பவுண்டை 96 விநாடிகளில் திரட்டியது. அதே ஆண்டில் சுமார் 4 கோடி பவுண்டு மதிப்பீட்டில் அங்கே பங்கு விற்ற ரெவலூட் என்ற நிதிச் சேவை நிறுவனத்தின் மதிப்பு 2024இல் 4,500 கோடி டாலரைத் தொட்டது. விளம்பரங்களில் மீண்டும் மீண்டும் சொல்லப்படுபவை இத்தகைய வெற்றிகளே.

நான் அதிகம் யோசித்தது ப்ரூடாக் பற்றி. ஸ்காட்லாந்தின் இந்த பீர் நிறுவனம், 2009 முதல் ‘ஈக்விட்டி ஃபார் பங்க்ஸ்’ என்ற பெயரில் தன் வாடிக்கையாளர்களுக்கே நேரடியாகப் பங்குகளை விற்றது. பீரில் தள்ளுபடியும், கொண்டாட்டமாக நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் இடமும் கிடைக்கும் என்பதால், நிறுவனத்தின்மேல் உண்மையான பிரியம் கொண்டவர்களே அவற்றை வாங்கினார்கள். 2017இல் டிஎஸ்ஜி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் சுமார் 21.3 கோடி பவுண்டு கொடுத்து 22 சதவீதப் பங்கை வாங்கியபோது, ப்ரூடாக்கின் மதிப்பு 100 கோடி பவுண்டு என்று செய்தி வந்தது. ஆனால் டிஎஸ்ஜி வாங்கியவை முன்னுரிமைப் பங்குகள். அவற்றுக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கூட்டு வருவாய் உறுதியளிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் விற்கப்பட்டால் டிஎஸ்ஜி அந்தத் தொகையை எடுத்துக்கொண்ட பிறகுதான் சாதாரணப் பங்கு வைத்திருந்த வாடிக்கையாளர்களின் முறை வரும் என்பது ஏற்பாடு.

இதன் கனத்தை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 18 சதவீதக் கூட்டு வளர்ச்சியில் 100 பவுண்டு நான்கு ஆண்டுகளில் 194 ஆகவும், எட்டு ஆண்டுகளில் 376 ஆகவும் பெருகிவிடும். அதாவது விற்பனை தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும், நிறுவனத்தின் மதிப்பு அதே வேகத்தில் ஏறாவிட்டால், முன்னால் நிற்பவரின் உரிமை பெரிதாகிக்கொண்டே போக, மொத்தத்தில் பின்னால் நிற்பவருக்கு மிஞ்சும் விகிதம் சுருங்கிக்கொண்டே போகும். செய்தியில் வந்த 100 கோடி என்ற எண்ணும் இதை மறைத்துவிடுகிறது. ஏனெனில் இத்தகைய மதிப்பீடு, சிறப்புரிமை கொண்ட பங்குக்குக் கொடுக்கப்பட்ட விலையையே எல்லாப் பங்குகளுக்கும் விலையாகக் கொண்டு பெருக்கிச் சொல்லப்படுவது. எந்தச் சிறப்புரிமையும் இல்லாத பங்கை வைத்திருப்பவர், தன் பங்கும் அதே விலை பெறும் என்று அதைப் படித்து நம்பிவிடுகிறார். இந்த ஒரு விஷயத்தைப் பணம் போடும் எல்லோருக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுக்ருவின் கதை இன்னும் சுருக்கமானது. கையால் பிசைந்து ஒட்டினால் ரப்பர் போல இறுகிவிடும் அந்தப் பசையைத் தயாரித்த லண்டன் நிறுவனம், 2015இல் க்ரவுட்க்யூபில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. 2018இல் ஜெர்மனியின் டேசா அதை 76 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நல்ல பொருள், நாடெங்கும் அறிந்த பெயர், வாங்க ஆளும் கிடைத்தது. இருந்தும் பொதுமக்கள் வழி வந்த முதலீட்டாளர்களுக்குத் திரும்பியது போட்டதில் பத்தில் ஒரு பங்கு அளவே.

எந்த வகைப் பங்கு என்பதும் பார்க்க வேண்டியது. க்ரவுட்க்யூபில் பல நிறுவனங்கள், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போடுகிறவர்களுக்கு ‘ஏ’ பங்கும், அதற்குக் கீழே போடுகிறவர்களுக்கு வாக்குரிமை இல்லாத ‘பி’ பங்கும் கொடுத்தன. அடுத்த சுற்றில் புதுப் பங்குகள் வெளியிடப்படும்போது தன் விகிதத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையும் ‘பி’ பங்குக்கு இல்லாமல் போவதுண்டு. இவையெல்லாம் நிறுவனத்தின் அமைப்பு விதிகளில் எழுதப்பட்டிருக்கும். திட்டத்தை விளக்கும் மூன்று நிமிட வீடியோவில் வராது.

இந்தியாவில் இந்த வழி இன்னும் திறக்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி தனிப்பட்ட ஒதுக்கீட்டுக்கு, அதாவது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு கொடுப்பதற்கு, பொது விளம்பரம் செய்யக் கூடாது. ஒரு நிதியாண்டில் பொதுவாக 200 பேருக்கு மேல் அழைக்கவும் கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2014இல் க்ரவுட்ஃபண்டிங் பற்றி ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 2016இல், அனுமதி பெறாத இணையத் தளங்கள் வழியாக இப்படிப் பணம் போட வேண்டாம் என்று எச்சரித்தது. ஆயினும் ‘நிறுவனத்தின் மதிப்பு உயர்ந்தால் அதற்கேற்பப் பணம் தருவோம்’ என்ற வகையான ஒப்பந்தங்கள் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. அவற்றில் கையெழுத்திடுகிறவர் பங்குதாரரே ஆவதில்லை. வாக்கும் இல்லை, பொதுக்கூட்டத்தில் இடமும் இல்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அப்படி ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டால், அதில் பங்குதாரர் ஆகிறோமா என்பதைச் சொல்லும் வரியைத்தான் முதலில் தேடிப் படிக்கச் சொல்கிறேன்.

இந்த வழியை மூடியே வைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வங்கி கடன் தராத, பெரிய முதலீட்டாளர்களின் கண்ணில் படாத நல்ல முயற்சிகள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவற்றின் வாடிக்கையாளர்களே அவற்றில் பங்கு வாங்க முடிவது நல்லது. அமெரிக்கா இதற்குச் சட்டம் செய்து, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வரை திரட்டலாம் என்றும், சாதாரண முதலீட்டாளர் ஒருவர் தன் வருமானத்தையும் சொத்தையும் பொறுத்து ஓர் அளவுக்கு மேல் போடக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு இழப்பைக் குறைக்கும்; பணம் பிரியும் வரிசையை மாற்றாது. ஆகவே செபி என்றாவது விதி வகுக்கும்போது, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் விருப்பம்: இந்த நிறுவனம் இன்றைய மதிப்பில் பாதிக்கு, அதே மதிப்புக்கு, இரண்டு மடங்குக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து விற்கப்பட்டால், கடன்காரர்களும் முன்னுரிமைப் பங்குதாரர்களும் எடுத்துக்கொண்டது போக, உங்கள் 10,000 ரூபாய்க்குக் கைக்கு வருவது எவ்வளவு என்று மூன்று எண்கள்.