அம்மா இருந்த கவுன்சில் வீடு

2025 மார்ச் 10, திங்கள்

சனிக்கிழமை அம்மாவின் அந்தியேட்டி முடிந்தது. வந்த சனம் எல்லாம் போன பிறகு தம்பி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம், காரியம் முடியட்டும் என்று அலுமாரிக்குள் வைத்திருந்திருக்கிறான். வீட்டை வாடகைக்குத் தந்த உள்ளூராட்சி சபையான கவுன்சிலில் இருந்து. முதல் வரியில் அனுதாபம். அடுத்த வரியிலேயே, டெனன்சி, அதாவது வாடகைக் குடியிருப்பு உரிமை, அம்மாவின் பெயரில் இருந்தது, இப்போது அங்கே இருப்பவருக்கு அதில் உரிமை இருப்பதாகத் தெரியவில்லை, வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே இறந்துபோன அம்மாவின் பெயர் போட்டு நான்கு கிழமை நோட்டீஸ்.

கிழக்கு லண்டனில் மூன்று அறை உள்ள மாடி வீடு. 1991இல் நாங்கள் அங்கே வந்தபோது தம்பிக்கு ஏழு வயது. நான் கல்யாணம் கட்டி வெளியே போய்விட்டேன், அவன் போகவில்லை. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து, பிறகு சிறுநீரகமும் போய், கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ் என்று ஆனபோது கிடங்கில் பார்த்த இரவு வேலையையும் விட்டுவிட்டான். பராமரிப்பாளருக்கான அரசாங்கக் கொடுப்பனவாக அவனுக்குக் கிடைத்தது கிழமைக்கு 81.90 பவுண்ட். அதை வாங்கவே கிழமைக்கு 35 மணித்தியாலம் பராமரித்திருக்க வேண்டும், அவன் பார்த்தது இரவும் பகலும். அந்தப் பிள்ளையைத்தான் இப்போது உரிமை இல்லாதவன் என்கிறார்கள்.

எழுத வேண்டும்போல இருக்கிறது. எங்கள் ஆட்களில் எத்தனையோ குடும்பங்கள் இதே வகை வீடுகளில் இருக்கின்றன, அதனால் நடப்பதை நடக்க நடக்க இங்கே போடுகிறேன்.

2025 மார்ச் 19, புதன்

இலவசச் சட்ட ஆலோசனை தரும் லோ சென்ரரில் ஒரு பெண் எங்களோடு ஆறுதலாக இருந்து கதைத்தார். முதலில் அவர் சொன்னதில் வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. நோட்டீஸ் முடிந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் வந்து தம்பியை வெளியே போட முடியாது. அப்புறம், 2012 ஏப்ரல் 1க்கு முன்பு தொடங்கிய கவுன்சில் டெனன்சி என்றால் சட்டம் நல்லது. 1985 வீடமைப்புச் சட்டத்தின்படி, டெனன்ட் இறந்தால் கணவனோ மனைவியோ அதைப் பெறலாம், அப்படி யாரும் இல்லாவிட்டால் இறப்பதற்கு முந்தைய 12 மாதமும் கூடவே இருந்த பிள்ளை, பேரப்பிள்ளை, சகோதரம், மருமக்கள் என்று குடும்பத்தில் ஒருவர் பெறலாம். தம்பி 34 வருடமாக அங்கேதான் இருக்கிறான்.

பிறகு அவர் கேட்டார், தொடக்கத்தில் ஒப்பந்தம் யார் யார் பெயரில் இருந்தது என்று.

அந்தப் பேப்பரைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். மஞ்சளாகிப்போன நான்கு தாள், மடித்த இடமெல்லாம் கிழியப் பார்க்கிறது. கடைசித் தாளில் அப்பாவின் கையெழுத்து ஆங்கிலத்தில், அவசரமாகக் கீறியது. அதற்குக் கீழே அம்மா தமிழில், தன் முழுப்பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் கூட்டு டெனன்ட். அப்பா 2008இல் காலமானார், அதன் பிறகு அம்மா தனி டெனன்ட்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். ஒரு டெனன்சி ஒரே ஒரு தரம்தான் கை மாறலாம். கூட்டு டெனன்ட்களில் ஒருவர் இறந்து மற்றவர் தனியாக ஆவதையும் சட்டத்தின் 88ஆம் பிரிவு அந்த ஒரு தரமாகக் கணக்குப் போடுகிறது. அப்பா செத்த அன்றே அது முடிந்துவிட்டது.

அதாவது முதல் நாளே கையெழுத்துப் போட்டு, வாடகை கட்டி, அந்த வீட்டிலேயே இருந்த அம்மா, புருஷன் செத்ததால் "வாரிசு" ஆகிவிட்டார். யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. 2008இல் வந்த கடிதத்தில் அப்பாவின் பெயரை நீக்கியாயிற்று என்பதைத் தவிர ஒன்றும் இல்லை, அதையும் தேடி எடுத்துப் பார்த்தேன்.

2025 மார்ச் 23, ஞாயிறு

இரண்டு இரவாக வழக்குகளைத் தேடி வாசிக்கிறேன். ஹாரிங்கே கவுன்சிலுக்கும் ஒரு மகனுக்கும் இடையிலான வழக்கு 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எங்கள் கதைதான். தகப்பன் இறந்து தாய்க்கு வந்த டெனன்சி, தாய் இறந்தபோது மகனுக்கு இல்லை என்றார்கள். அந்த மகன் கேட்ட கேள்வி நியாயமானது. தாயும் தகப்பனும் விவாகரத்து எடுத்து, நீதிமன்றம் டெனன்சியைத் தாய்க்கு மாற்றிக் கொடுத்திருந்தால் அது ஒரு தரமாகக் கணக்கில் வராது, பிறகு பிள்ளைக்கு வந்திருக்கும். விதவையாகிப்போனால் மட்டும் ஏன் கணக்கில் வருகிறது? நீதிமன்றம் அந்த வேறுபாட்டை நியாயப்படுத்தலாம் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது.

எனக்கு அதை ஏற்க முடியவில்லை. கடைசிவரை ஒன்றாக இருந்த குடும்பத்தின் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, பிரிந்துபோனவர்களின் பிள்ளைக்கு உண்டு. பிரிந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கும் வேண்டும். விதவையின் பிள்ளைக்கும் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சோலிஹல் வழக்கு. தகப்பன் கனகாலத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார், ஆனால் அவர் பெயர் கூட்டு டெனன்சியில் அப்படியே கிடந்தது. தாயோடு இருந்த மகளுக்கு வர வேண்டியது என்று எல்லோரும் நினைப்போம். தாய் இறந்ததும் டெனன்சி அந்த வராத தகப்பனுக்குப் போனதாகவும், கவுன்சில் அவருக்கு நோட்டீஸ் கொடுத்ததோடு அது முடிந்ததாகவும் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மகள் வெளியே. புருஷன் விட்டுப்போய், பேப்பரில் மட்டும் பெயர் இருக்கும் வீடுகள் எங்கள் ஊர்ச் சனத்திடமும் இருக்கின்றன. அவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 8, செவ்வாய்

உரிமை இல்லை என்றாலும் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பல கவுன்சில்கள் தங்கள் வீடு ஒதுக்கும் கொள்கையில், உரிமை இல்லாத ஆனால் கனகாலம் கூட இருந்த, குறிப்பாகப் பராமரித்த குடும்ப ஆளுக்குத் தாங்களாக விரும்பி ஒரு டெனன்சி கொடுக்கலாம் என்று வைத்திருக்கின்றன. எங்கள் கவுன்சிலின் கொள்கையிலும் இருக்கிறது. லோ சென்ரர் பெண்தான் பக்கத்தைக் காட்டி, அதையே மேற்கோள் காட்டி விண்ணப்பம் எழுதித் தந்தார்.

இனி ஆதாரம். வாக்காளர் பட்டியல், ஜீபி (குடும்ப வைத்தியர்) பதிவு, வங்கிக் கடிதங்கள், பழைய சம்பளத் துண்டுகள், கொடுப்பனவுக் கடிதங்கள். எல்லாவற்றிலும் அதே விலாசம். அம்மா ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றையும் எறிந்ததில்லை, சப்பாத்துப் பெட்டிகளில் வருடவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். டயாலிசிஸ் பிரிவில் இருந்து வந்தவற்றில் "மகனோடு வந்தார்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. அந்த வரிகளையெல்லாம் மார்க்கரால் கோடு போட்டுப் பிரதி எடுத்தோம். சில இடங்களில் தம்பி எழும்பி வெளியே போய்விட்டான்.

அவனுடைய கொடுப்பனவு அம்மா இறந்து எட்டுக் கிழமையோடு நின்றுவிட்டது. வாடகைக் கணக்கை கவுன்சில் மூடிவிட்டு, இருந்து பாவிப்பதற்கான கட்டணம் என்று வேறு கணக்குத் திறந்திருக்கிறது. வாடகை என்று வாங்கினால் புதிய டெனன்சி கொடுத்ததாக யாரும் வாதாடிவிடுவார்கள் என்ற பயம். பெயர் எதுவானாலும் கட்டச் சொன்னார் லோ சென்ரர் பெண், கட்டாவிட்டால் பிறகு கவுன்சில் அதையே காரணம் காட்டுமாம். இப்போதைக்கு நானும் கணவருமாகக் கட்டுகிறோம்.

2025 மே 2, வெள்ளி

ஹவுசிங் ஒபிசர் வீடு பார்க்க வந்தார். இளம் பெடியன், மரியாதையாகத்தான் நடந்தான். ஆனால் அந்த வேலையே அப்படி. தம்பியின் அறையில் அலுமாரியைத் திறந்து உடுப்புகளைப் பார்த்தான், குளியலறையில் எத்தனை பல்துலக்கி என்று பார்த்தான், கட்டிலைப் படம் எடுத்தான். குளியலறையில் தொட்டியை எடுத்துவிட்டு, சுவரில் மடக்கும் இருக்கையும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கைபிடிகளும் கவுன்சிலே போட்டுத் தந்தது. வலப்பக்கக் கைபிடியில் பூச்சு தேய்ந்திருக்கிறது, அம்மாவுக்குப் பலம் இருந்த கை அது. அவன் அதைத் தொட்டுப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டான்.

போகும்போது, இந்த மூன்று அறை வீட்டுக்காக எத்தனை குடும்பம் காத்திருக்கிறது தெரியுமா என்று கேட்டான். குற்றம் சொல்கிறமாதிரி இல்லை, உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டான்.

தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு ஹோட்டல் அறை ஒன்றில் இருக்கிறாள், சமைக்க இடமில்லை. இங்கிலாந்து முழுவதும் கிட்டத்தட்ட 13 லட்சம் குடும்பங்கள் காத்திருப்போர் பட்டியலில். மூன்று அறையும் தம்பிக்குத்தான் வேண்டும் என்று நானோ அவனோ ஒருநாளும் கேட்கவில்லை. உரிமை இருக்கிற பிள்ளைகளைக்கூட, வீடு தேவைக்கு மேல் பெரிது என்றால், இறந்து ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்து, வேறு பொருத்தமான வீட்டைக் காட்டி, நீதிமன்றம் மூலம் மாற்றலாம். அது நியாயம். தெருவுக்குப் போ என்பதுதான் அநியாயம். குடியிருப்பவரே வீட்டை வாங்கலாம் என்று 1980இல் கொண்டுவந்த சட்டத்தால் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் கவுன்சில் வீடுகள் விற்கப்பட்டன, அதற்கு ஈடாகக் கட்டவில்லை. அந்தப் பற்றாக்குறையைத் தாயைப் பார்த்த ஒருவனின் தலையில் கட்டக் கூடாது.

2025 ஜூன் 15, ஞாயிறு

கவுன்சிலில் இருந்து பதில் இல்லை. கோயிலில் கண்டவர்கள் எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், பாதிக்கு மேல் பிழை. "பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட்டால் சரி" என்றார் ஒரு மாமா. பெயர் சேர்ப்பது கவுன்சிலின் விருப்பம், பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் செய்ய மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே டெனன்சியை எழுதிக் கொடுக்கலாம், ஆனால் செத்தால் யாருக்கு உரிமை வருமோ அப்படிப்பட்டவருக்கு மட்டும், அதுவும் அந்த ஒரு தரத்தைச் செலவழித்துவிடும். கவுன்சிலுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

2012 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய டெனன்சி என்றால் கதையே வேறு. கணவன், மனைவி, அல்லது அப்படிச் சேர்ந்து வாழ்பவர் மட்டும்தான், ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருந்தால் ஒழிய. படி ஏற முடியாமல் கீழ் வீட்டுக்கு மாறிய வயதானவர்கள் பலர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், கூட இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ இருந்த உரிமை அதோடு போனது அவர்களுக்குத் தெரியாது. ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்குச் சட்டம் வேறு, ஒப்பந்தத்தை எடுத்து வாசிக்க வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இரண்டு தரம் கை மாறலாம், உதாரணத்துக்கு முதலில் துணைக்கு, பிறகு குடும்பத்தில் இன்னொருவருக்கு. கூட இருந்து பராமரித்தவர்களையும் அந்தச் சட்டங்கள் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. அங்கே முடிகிறது, இங்கிலாந்தில் ஏன் முடியாது?

2025 செப்டம்பர் 11, வியாழன்

முடிவு வந்துவிட்டது. மூன்று அறை வீட்டில் டெனன்சி இல்லை. ஆனால் பராமரித்ததை ஏற்றுக்கொண்டு, ஒரு அறை ஃபிளாட் தருகிறார்கள், இதே கவுன்சில் எல்லைக்குள். முதல் ஒரு வருடம் பரீட்சார்த்த டெனன்சி, ஒழுங்காக இருந்தால் பிறகு நிரந்தரம். லோ சென்ரர் பெண் போனில் சத்தமாகவே சந்தோஷப்பட்டார், இவ்வளவு கிடைப்பதே அரிது, ஆஸ்பத்திரிக் கடிதங்கள்தான் கை கொடுத்தன என்றார். தம்பி, சரி அக்கா, எடுப்போம் என்றான்.

எனக்கு நிம்மதிதான், ஆனால் நன்றி சொல்ல மனம் வரவில்லை. அதே கொள்கையில் அதே ஆதாரங்களோடு அடுத்தவருக்கு இல்லை என்று சொன்னால் அவர் சண்டை பிடிக்கக் கையில் உரிமை ஒன்றும் இல்லை.

2025 செப்டம்பர் 28, ஞாயிறு

சாவி கொடுத்தாயிற்று, புதுச் சாவி வாங்கியாயிற்று. சாமிப் படங்களும் அம்மாவின் தையல் மெஷினும் தம்பியோடு போயின. அவனுக்கு ஆஸ்பத்திரி நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு நேர்முகம் இருக்கிறது, அந்த வேலையை அவனைவிடத் தெரிந்தவர் யார்.

நான் எங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதினேன். கேட்டது இரண்டே விஷயம். முதல் நாளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கணவனோ மனைவியோ தனியாக மிஞ்சுவதை ஒரு தரமாகக் கணக்குப் போடும் 88ஆம் பிரிவை மாற்ற வேண்டும். கூட இருந்து பராமரித்தவருக்கு, அந்த வீடு இல்லாவிட்டாலும் அவருக்கு அளவான ஒரு வீடு கிடைப்பது கவுன்சிலின் விருப்பமாக இல்லாமல் சட்டத்தில் உரிமையாக இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்ட அந்தக் கடைசித் தாளின் பிரதியையும் சேர்த்து வெள்ளிக்கிழமை அனுப்பினேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.