சாயமேற்றிய தேயிலை இலையில் தெரிவன

தேயிலை இலையொன்றைக் கரட் துண்டின் பிளவில் செருகி, பிளேட்டினால் குறுக்காக மெல்லியதாகச் சீவி, அந்தச் சீவலை நீர்த்துளியில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பச்சையுருமணிகளைத் தவிர வேறெதுவும் தெளிவாகப் புலப்படுவதில்லை. கலச்சுவர், முதலுரு, கரு ஆகிய மூன்றும் நிறமற்றவை. அவை ஒளியை ஏறக்குறைய ஒரே விதமாகக் கடத்துவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியக் கண்ணுக்கு எதுவும் கிடைப்பதில்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தில் மூடுபனி இறங்கிய நாள்களில், ஆடியினால் ஒளியைத் திருப்பும் பழைய நுணுக்குக்காட்டிகளில் நிலைமை இன்னும் மோசமாகும். இந்தக் குறையைத் தீர்க்கவே சாயங்கள் வந்தன. ஆனால் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குக் கற்பிக்கும் எனக்கு, சாயத்தின் பயன் அத்துடன் முடிந்துவிடுவதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு சாயமும் இழையத்திடம் ஓர் இரசாயனக் கேள்வியைக் கேட்கிறது. தோன்றும் நிறம் அந்தக் கேள்விக்கான விடை மாத்திரமே. "சபிரனின் சிவப்பு, மெதிலீன் நீலம் நீலம்" என்று மனனம் செய்யும் மாணவர், கேள்வி என்னவென்று அறியாமலே விடையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெட்டியில் வரும் ஆயத்த வழுக்கிகளைவிட, பாடசாலை வேலிக்கு அப்பாலிருக்கும் தேயிலை இதைக் கற்பிக்க மிகவும் ஏற்றது. எனினும் அது எளிதில் இணங்கும் இலையன்று. வெட்டிய கணத்திலேயே கலங்கள் உடைந்து, அவற்றிலுள்ள, துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்கள் நொதியத்தையும் வளியையும் சந்திப்பதால் சீவலின் விளிம்புகள் பழுப்பாகின்றன. தொழிற்சாலையில் கொழுந்தை அரைத்த பின் நிகழும் அதே நிறமாற்றந்தான் இது. ஆகவே இலையை மூன்று பங்கு எதனோலும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் கலந்த பதிப்புக் கரைசலில் முன்னதாகவே இட்டுவைப்பது நல்லது. அந்தக் கரைசல் நொதியங்களைச் செயலிழக்கச் செய்கிறது. கலங்களின் அமைப்பை உறையவைக்கிறது. பச்சையத்தையும் கரைத்து அகற்றுவதால் பின்னர் இடும் சாயத்தின் நிறம் கலப்பின்றித் தெரிகிறது.

மாணவர் முதலில் பழகுவது அயடீன். அது கேட்பது "இங்கே மாப்பொருள் இருக்கிறதா?" என்பதை. மாப்பொருளிலுள்ள அமைலோசு மூலக்கூறு சுருளாக இருப்பதும், பொற்றாசியம் அயடைட்டில் கரைந்த அயடீன் அந்தச் சுருளின் உட்குழலில் வரிசையாக அமர்வதுமே கருநீல நிறத்துக்குக் காரணம். சூடாக்கினால் சுருள் குலைந்து நிறம் மறைகிறது; ஆறினால் மீண்டும் தோன்றுகிறது. வெலிமடை உருளைக்கிழங்கின் சுரண்டலை வைத்து இதைக் காட்டலாம். கரைசல் மிகவும் ஐதாக இருந்தால்தான் மாப்பொருள் மணியின் ஒருபுறம் ஒதுங்கிய மையமும் அதைச் சுற்றிய வளையங்களும் தெரியும்; செறிவு கூடினால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். இதே பரிசோதனை தோட்டங்களிலும் பயன்படுகிறது என்று சொன்னால் தோட்டப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கவ்வாத்து வெட்டியபின் இலையின்றி நிற்கும் தேயிலைச் செடி, வேரில் சேமித்த மாப்பொருளைக் கொண்டே மீண்டும் துளிர்க்க வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் சில செடிகளின் வேர்த்துண்டுகளைக் குறுக்கே வெட்டி அயடீன் இட்டுப் பார்ப்பார்கள். வெட்டுமுகம் நன்றாகக் கறுத்தால் கவ்வாத்துச் செய்யலாம். வெளிறியிருந்தால் கொழுந்து பறிப்பதைச் சிறிது காலம் நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரு செடி உயிர் தப்புமா என்ற தீர்மானம் இந்த ஒரு துளி அயடீனில் தங்கியிருக்கிறது.

தேயிலை இலையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியைக் காட்டுவது புளோரோகுளுசினோல். எதனோலில் கரைத்த இந்தப் பொருளைச் சீவலின்மீது இட்டு, பின்னர் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி சேர்த்தால், கலச்சுவரைக் கடினமாக்கும் இலிக்னின் என்ற பொருள் உள்ள சுவர்கள் மட்டும் சிவக்கின்றன. இலிக்னினிலுள்ள அல்டிகைட்டுக் கூட்டங்களுடன் நிகழும் தாக்கமே இதற்குக் காரணம். நடுநரம்பில் நீரைக் கடத்தும் காழ்க் கலன்கள் சிவக்கும் என்பதை மாணவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். எதிர்பாராதது, இலைநடுவிழையத்தின் மெல்லிய கலங்களுக்கிடையே, மேற்றோலிலிருந்து எதிர்ப்புற மேற்றோல் வரை கிளைகளை நீட்டிக்கொண்டு தனித்தனியே நிற்கும் தடித்த சுவருடைய வன்கலங்கள். சாயமிடுவதற்கு முன் அதே இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் கண்ணில் படாத அவை, அமிலம் பரவியதும் ஒவ்வொன்றாகச் செந்நிறத்தில் எழுந்து வருகின்றன. கொழுந்தில் இவை அரிது. இலை முற்ற முற்றப் பெருகித் தடிக்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிப்பதற்கும் முற்றிய இலையைத் தவிர்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, நாவால் அறிவதற்கு முன்பே கண்ணால் காணலாம். தொழிற்சாலையின் அரைப்பிலும் இந்த வன்கலங்கள் உருக்குலையாமல் எஞ்சுவதால், தேயிலைத் தூளில் வேறு இலை கலந்திருக்கிறதா என்று ஆராய்பவர்கள் இவற்றையே அடையாளமாகத் தேடுவார்கள். இந்தச் செந்நிறம் நிலைப்பதில்லை. சற்று நேரத்தில் மங்கத் தொடங்கும் என்பதால் பார்த்தவுடன் வரைந்துகொள்ள வேண்டும். அமில ஆவி பொருள்வில்லையை அரிக்கக்கூடியது. மூடுகண்ணாடி இல்லாமல் இந்த வழுக்கியை மேடையில் வைக்கவே கூடாது.

தொலுயிடின் நீலம் இதற்கு நேர்மாறானது. ஒரே சாயம், பல நிறங்கள். 0.05 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் ஊறிய சீவலில், இலிக்னின் ஏறிய சுவர்கள் பச்சை கலந்த நீலமாகவும், பெத்தின் என்ற பசைப்பொருள் நிறைந்த மென்சுவர்கள் ஊதாவாகவும் தெரியும். பெத்தினிலுள்ள எதிரேற்றங்கள் நெருக்கமாக இருப்பதால் சாய மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அமர்கின்றன. அந்த நெருக்கத்தில் அவை உறிஞ்சும் ஒளி மாறுகிறது. பார்ப்பதற்கு மிக அழகான இந்தச் சாயத்தைத் தேயிலையில் மட்டும் நான் முழுமையாக நம்புவதில்லை. பொலிபீனோல்களும் இதனுடன் சேர்ந்து பச்சை கலந்த நீலமாகின்றன. தேயிலைக் கலங்களில் சாறு தங்கும் பைகளான புன்வெற்றிடங்களோ பொலிபீனோல்களால் நிறைந்தவை. எனவே, வேறொரு தாவரத்தில் "இது இலிக்னின்" என்று துணிந்து எழுதக்கூடிய நிறத்தைத் தேயிலையில் கண்டால், பக்கத்துச் சீவலில் புளோரோகுளுசினோல் இட்டு உறுதிப்படுத்திய பின்பே எழுத வேண்டும்.

ஏற்றங்களின் இந்தக் கணக்கே கருவைக் காட்டும் சாயங்களுக்கும் அடிப்படை. டி.என்.ஏ.யின் பொசுபேற்றுக் கூட்டங்கள் எதிரேற்றமுடையவை. நேரேற்றமுள்ள மெதிலீன் நீலம், சபிரனின் போன்ற மூலச்சாயங்கள் அவற்றில் பற்றிக்கொள்கின்றன. இயோசின் போன்ற அமிலச்சாயங்கள் முதலுருவின் புரதங்களை நாடுகின்றன. அசற்றோகாமைன் 45 சதவீத அசற்றிக் அமிலத்தில் கரைந்திருப்பதால் பதிப்பதையும் சாயமேற்றுவதையும் ஒன்றாகவே செய்கிறது. கலங்களைக் கிளறும் ஊசி இரும்பாக இருந்தால் நிறம் இன்னும் ஆழமாகும். வெங்காய வேர்நுனியை இதில் நசுக்கினால் கலப்பிரிவின் நடுக்கட்டமான அனுவவத்தையில் 16 நிறமூர்த்தங்களை எண்ணலாம். நுவரெலியாவின் லீக்ஸ் விதைகளை ஈரத்தாளில் முளைக்கவைத்து அதே முறையைப் பின்பற்றினால் 32 இருக்கும்; எண்ணுவது கடினம், ஆனால் நெருங்கிய உறவுடைய இரு பயிர்களில் ஒன்றுக்கு இருமடங்கு தொகுதி இருப்பதைத் தன் கண்ணால் கண்ட மாணவருக்குப் பன்மடியம் என்பதை வேறாக விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செயற்கைச் சாயங்களின் தொடக்கத்துக்கும் எங்கள் மலைகளுக்கும் ஒரு தொடர்புண்டு. 1856 இல் வில்லியம் பேர்க்கின் என்ற இளைஞர் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றபோதே முதலாவது அனிலீன் சாயமான மோவ் கிடைத்தது. 1861 இல் ஹக்கல தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டதும் குவினைன் தரும் சிங்கோனாவை வளர்ப்பதற்காகவே. பேர்க்கினுக்கு முன் இருந்தவை பெரும்பாலும் இயற்கைச் சாயங்கள்: ஜெர்மனியில் ஜோசப் வொன் கெர்லாக் 1858 இலும் கார்மைனைக் கொண்டே மூளைக் கலங்களைக் காட்டினார். 1870களின் பிற்பகுதியில் வால்தர் பிளெமிங் அனிலீன் சாயங்களின் உதவியுடன் கலப்பிரிவின் ஒழுங்கைப் பின்தொடர்ந்தார். 1891 இல் போல் ஏர்லிச்சும் போல் குட்மனும், மலேரியா ஒட்டுண்ணியில் பற்றும் மெதிலீன் நீலத்தையே நோயாளிக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எதில் சாயம் பற்றுமோ அதை அச்சாயத்தால் தாக்கவும் முடியும் என்பதே அவர்களது தர்க்கம். 1934-35 இல் இலங்கையில் பல்லாயிரம் உயிர்களைக் கொன்ற மலேரியா, 2016 இல் முற்றாக ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நெடிய வேலையில் ஒட்டுண்ணியைக் காட்டும் கீம்சா என்ற சாயம் ஏற்றிய குருதிப் பூச்சுகளை நாள்தோறும் பார்த்த ஆய்வுகூடப் பணியாளர்களின் பங்கு போதியளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

தேயிலைக்கே வரும் நோயையும் சாயத்தால் காட்டலாம். 1946 இல் இலங்கைத் தோட்டங்களில் தோன்றிய கொப்புள நோய்க்குக் காரணமான பங்கசு, ஈரமும் மூடுபனியும் நீடிக்கும் மாதங்களில் இளங்கொழுந்தைப் பற்றுகிறது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நீண்டகாலமாக இதனுடன் போராடி வருகிறது. கொப்புளம் வெளுத்த பருவத்தில் அதைச் சீவி லக்டோபீனோல் கொட்டன் நீலத்தில் இட்டால், இலைக் கலங்களுக்கிடையே ஊடுருவியுள்ள பங்கசு இழைகளும் கீழ்ப்புறத்தை வெடித்து வெளிவந்த வித்திப் படையும் நீலமாகத் தெரியும். பீனோல் தோலைச் சுடும் என்பதால் இந்தச் சாயத்தை ஆசிரியரே துளியிட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நான் மாணவர்களிடம் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்று உண்டு. எந்தச் சாயத்தை எடுத்தாலும், அதே இலையிலிருந்து அதே நேரத்தில் வெட்டிய சாயமிடாத சீவல் ஒன்றையும் நீரில் வைத்துப் பக்கத்திலேயே வரைய வேண்டும். பதிப்புக் கரைசலில் சரியாக ஊறாத தேயிலைச் சீவலின் நரம்போரத்தில் தானாகவே ஏறியிருக்கும் செம்பழுப்பு, அந்தப் படம் இல்லாவிட்டால், இலிக்னினின் சிவப்பாகவே பதிவேட்டில் போய்ச் சேரும்.