ஜெருசலேமின் மேற்குச் சுவரும் மீட்டர் போடாத டாக்சியும்

ஜெருசலேம் செல்ல நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று போக்குவரத்து, செலவு, பார்க்க வேண்டிய இடங்கள் என வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்சி ஓட்டுநர் மேல் உள்ள ஆத்திரத்தைக் கொட்டாமல் வேறெதுவும் எழுத வராது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் நகரப் பேருந்துகளும் டிராமும் யூதர்களின் ஓய்வுநாளுக்காக நின்றுவிடும். சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் மறுபடி ஓடும். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் டாக்சியைத் தவிர வழியில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுகொண்ட அந்த மனிதர், நகர மையத்திலிருந்து பழைய நகரத்துக்கு 100 ஷெக்கல் கேட்டார். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் மேல்! பயணி கேட்டால் மீட்டர் போட்டாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். என் கணவர் அதைச் சொன்னதும், மீட்டர் போட்டால் இன்னும் அதிகமாகும் என்று கூசாமல் பதில் வந்தது. பேரம் பேசி 70-க்கு ஏறினோம், அதுவும் அநியாயமே. கால் வலி இல்லாதவர்கள் தயவுசெய்து நடந்தே போய்விடுங்கள்.

மேற்குச் சுவருக்குக் கட்டணம் கிடையாது. பட்ஜெட் பயணிகளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. பலர் நினைப்பதுபோல் இது யூதர்களின் பழைய ஆலயத்தின் சுவர் அன்று. ஏரோது மன்னன் ஆலய வளாகத்தை விரிவாக்கியபோது மலையைச் சுற்றி எழுப்பிய தாங்குசுவரின் மேற்குப் பகுதி. கி.பி. 70-இல் ரோமானியர் ஆலயத்தை அழித்த பிறகு எஞ்சியது. முழு நீளம் ஏறத்தாழ 490 மீட்டர் என்றாலும், முற்றத்தில் பிரார்த்தனைக்குத் திறந்திருப்பது சுமார் 60 மீட்டர்தான். அருகில் போய்ப் பார்த்தால் ஏரோது காலத்துக் கற்கள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் சற்றே தாழ்ந்த பட்டை ஒன்று செதுக்கப்பட்டிருப்பது தெரியும். அந்த அழகு எந்தப் படத்திலும் சரியாக வருவதில்லை. நாம் நிற்கிற விசாலமான முற்றம் 1967 ஜூன் வரை மொராக்கோ வழி அரபுக் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பாக இருந்து, போர் முடிந்த கையோடு இடித்துத் தள்ளப்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

என்னை அந்த ஊரில் கட்டிப்போட்டது கல் அன்று, ஒரு கேள்வி: கடவுள் இங்கே எந்த இடத்திலிருந்து பேசினார்? பைபிளின் யாத்திராகமம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பிற்காலத்தில் முதல் ஆலயத்தின் உள்ளறையில் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேல் எதிரெதிராக நின்ற, கேருபீன்கள் எனும் இரண்டு சிறகுள்ள உருவங்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்திலிருந்தே குரல் வந்தது. அதைத் தவிர, பிரதான ஆசாரியரின் மார்ப்பதக்கத்தில், கடவுளிடம் விடை கேட்பதற்கான ஊரீம், தும்மீம் என்பவை இருந்தன. பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர் பொறித்த கற்களில் எழுத்துகள் மேலெழும்பி விடை காட்டும் என்று, யூத மதகுருக்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் விளக்குகிறது. ஆனால் என்னையும் உங்களையும் போன்றவர்கள் அதைக் கேட்டுப் பார்க்க முடியாது. அரசன், நீதிமன்றம், சமூகத்துக்கு இன்றியமையாத ஒருவர் ஆகியோருக்காக மட்டுமே கேட்கலாம் என்று, தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா கறாராக வரையறுக்கிறது.

சாலொமோன் கட்டிய முதல் ஆலயம் அழிந்தபின் எழுந்த இரண்டாம் ஆலயத்தில் இவை எதுவும் இல்லை. பெட்டி, விண்ணிலிருந்து இறங்கிய நெருப்பு, ஷெகினா எனப்படும் இறைப்பிரசன்னம், பரிசுத்த ஆவி, ஊரீம் தும்மீம் ஆகிய ஐந்தும் முதல் ஆலயத்தோடு போய்விட்டன என்று தால்முத்திலேயே பட்டியல் இருக்கிறது. ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தில் எஞ்சியது தரையிலிருந்து மூன்று விரற்கடை உயரமுள்ள ஒரு கல் மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியர் மட்டும் உள்ளே போய்த் தூபக்கலசத்தை அதன்மேல் வைப்பார். கி.மு. 63-இல் ரோமானியத் தளபதி பாம்பே துணிந்து உள்ளே நுழைந்தபோது அங்கே எந்தத் தெய்வ உருவமும் இல்லை.

இன்று ஆலயம் இருந்த அந்த மேட்டில் அல்-அக்ஸா மசூதியும், ஏழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாறைக் குவிமாடமும் நிற்கின்றன. முஸ்லிம்களுக்கு அது மூன்றாவது புனிதத் தலம். பிற மதத்தவர் குறிப்பிட்ட நேரங்களில் மரப்பாலம் வழியாகச் சென்று சுற்றிப் பார்க்கலாம். அந்தப் பாலத்தின் அடிவாரத்தில்தான், இடத்தின் புனிதம் கருதி யூதர் எவரும் மேலே ஏறக் கூடாது என்று தலைமை ரபிமார் வைத்த அறிவிப்பு இருக்கிறது. அந்த மூன்று விரற்கடைக் கல் சரியாக எங்கே இருந்தது என்பதில் ஐயம் இருப்பதாலும், பழைய தூய்மைச் சடங்குகள் இன்று சாத்தியமில்லை என்பதாலும் இந்தத் தடை. இதை ஏற்காமல் ஏறுகிற யூதர்களும் உண்டு. அதனால் மூளும் சச்சரவும் ஓயவில்லை. ஒரு புனிதத் தலத்தின் மீதுள்ள பக்தியை அதற்குள் போகாமல் இருப்பதன் மூலமே காட்டுவதை நான் வேறெங்கும் இவ்வளவு கண்கூடாகப் பார்த்ததில்லை. சுவரிலிருந்து திரும்புகிறவர்களிலும் பலர் முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து விலகுகிறார்கள்.

பெண்கள் பகுதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது ஆண்கள் பகுதியில் பாதிகூட இல்லை, கூட்டமோ குறைவில்லை. மாமியாரைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தொடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. என் கணவரோ மறுபக்கத்தில் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம்! மனத்துக்குள் சொல்லும் பிரார்த்தனையின் விதிகளைத் தால்முத் ரபிகள் ஒரு பெண்ணிடமிருந்தே கற்றார்கள். சீலோ என்ற பழைய வழிபாட்டுத் தலத்தில் உதடு மட்டும் அசைய, குரல் வெளிவராமல் பிள்ளை வரம் கேட்ட அன்னாளை, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி கடிந்துகொண்டார். ஆனால் பிரார்த்தனைக்கு முன்மாதிரியாக நின்றது அவள்தான். அந்த மரபில் வந்தவர்கள் பெண்களுக்கு இவ்வளவு குறுகலான இடத்தை ஒதுக்கியிருப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

ஓய்வுநாளில் அங்கே எழுதவோ படமெடுக்கவோ கூடாது. சுவரின் இடுக்கில் வைப்பதற்கான பிரார்த்தனைச் சீட்டை மாமியார் விடுதியிலேயே எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார்.

“ஏம்மா, தமிழில் எழுதியிருக்கிறேனே, பரவாயில்லையா?”

“எந்த மொழியில் வேண்டுமானாலும் பிரார்த்திக்கலாம் என்று மிஷ்னாவே சொல்கிறது, அத்தை. தைரியமாக வையுங்கள்.”

கை எட்டும் உயரம் வரை இடுக்குகள் எல்லாம் நிரம்பி வழிந்ததால், இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் தன்னுடையதை நுழைக்க அவர் வெகுநேரம் போராடினார். ஆண்டுக்கு இருமுறை, பஸ்காவுக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன்னால், இவற்றைத் திரட்டி ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். தூர தேசத்திலிருந்து வரும் அந்நியன் இவ்விடத்தை நோக்கி வேண்டினாலும் கேட்டருளும் என்று சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையின்போது வேண்டியதாக இராஜாக்களின் புத்தகம் சொல்வதால், மாமியாரின் சீட்டுக்கு முறையான உரிமை உண்டு. அரசன் போன்ற சிலருக்காக மட்டும் கேட்கப்பட்ட இடத்தில், முழங்கால் வலிக்காகக் கேட்க இன்று யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஞாயிறன்று மஹனே யெஹூதா சந்தையில் சாப்பிட்ட குப்பே சூப்பை மறக்கவே முடியாது. பீட்ரூட்டின் சிவப்பும் எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்த குழம்பில், இறைச்சி அடைத்த ரவை உருண்டைகள் மிதந்தன. ஈராக்கிலிருந்தும் குர்திஸ்தானிலிருந்தும் வந்த யூதர்களின் சமையல். டாக்சியில் விட்ட பணத்துக்கு இன்னொரு கிண்ணம் வாங்கியிருக்கலாம் என்ற ஆற்றாமையும் கூடவே வந்தது. பக்கத்து மேசையில் இரு இளைஞர்கள் ஒரு தடித்த நூலை விரித்து வைத்து, சூப் ஆறுவதையும் கவனிக்காமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தால்முத்தில் வரும் ஆக்னாய் அடுப்புக் கதைதான் நினைவுக்கு வந்தது. ஓர் அடுப்பின் தூய்மை குறித்த விவாதத்தில் ரபி எலியேசர் தனித்து நிற்கிறார். அவருக்குச் சாட்சியாக மரம் இடம்பெயர்கிறது, நீரோடை பின்னோக்கி ஓடுகிறது, கடைசியில் விண்ணிலிருந்து குரலே வந்து அவர் பக்கம் பேசுகிறது. அப்போதும் ரபி யோசுவா எழுந்து, தோரா எனும் திருச்சட்டம் வானத்தில் இல்லை என்று மறுத்துவிடுகிறார். பெரும்பான்மையின் தீர்ப்பே நிற்கிறது. அதைக் கேட்டுக் கடவுள் சிரித்து, என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்றாராம். தெய்வ வாக்கையே வாதத்தில் தோற்கடிக்கும் கதையைத் தம் வேத விளக்கத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டு விலை கையைக் கடிக்கும், ஆனாலும் கொடுங்கள். இரண்டாம் ஆலயக் காலத்து நகரம் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மாதிரியாக அங்கே விரிந்து கிடப்பதைப் பார்த்தால்தான் மேட்டின் அமைப்பு பிடிபடும். கொச்சியிலிருந்து கொண்டுபோன 16-ஆம் நூற்றாண்டுக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் செதுக்கிய மரக்கூரையும் அங்கேதான் இருக்கிறது. ஜெருசலேமை நோக்கியே தொழ வேண்டும் என்பதால் கொச்சி யூதர்கள் மேற்கு நோக்கி நின்றார்கள். அவர்களுடைய கூடங்களில் மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை உண்டு. அதற்குப் பின்னால்தான் பெண்கள் அமர்ந்தார்கள், திருச்சட்டம் வாசிக்கப்படுவதைப் பக்கத்திலிருந்தே கேட்டார்கள். மேற்குச் சுவர் நிர்வாகத்தினர் கொச்சிக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்; எங்கள் ஆட்டோக்காரர்களும் மீட்டர் போட மாட்டார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.